பெயரில்லாத முகமும் முகமில்லாத எண்ணும்

ஒரு காகிதத் துண்டுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? அதில் அச்சான சித்திரத்திலிருந்தா, அதைச் செய்த கைகளின் உழைப்பிலிருந்தா, அல்லது அதை வைத்துப் போற்றுகிறவனுடைய நெஞ்சிலிருந்தா? ரசனை பற்றிய பழைய கேள்விதான் இது. எனினும், லட்சக்கணக்கில் அச்சடித்து வாரியிறைக்கப்பட்ட மலிவுப் படங்கள் இன்று பொன்னினும் மேலான விலைக்குப் போவதைக் காணும்போது இதை மறுபடியும் கேட்கவேண்டியிருக்கிறது. மலைநாட்டுத் தமிழராகிய நமக்கு இதில் சொந்த வழக்கு ஒன்றும் உண்டு. அத்தகைய படங்கள் சிலவற்றில் இருப்பது நம்முடைய பாட்டிமாரின் முகம்.

முதலில் இந்த விலையின் இரகசியத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கர்கள் தங்கள் தேசிய விளையாட்டாகக் கொண்டாடுவது பேஸ்பால் என்னும் பந்தாட்டம். 1909 முதல் 1911 வரை அந்நாட்டுப் புகையிலைக் கம்பெனியொன்று தன் சிகரெட்டுப் பெட்டிகளுக்குள் ஆட்டக்காரர்களின் படம் பொறித்த சிறு அட்டைகளை வைத்து விற்றது. பெட்டி நசுங்காதிருக்க அட்டை. சரக்கு மேலும் விற்கப் படம். ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை மட்டும் விரைவிலேயே நிறுத்தப்பட்டதால் மிகச் சிலவே உலகில் எஞ்சின. அவற்றுள் ஒன்று 2021 ஆகஸ்டில் 66 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பின்னாளில் மிட்டாய்க் கம்பெனிகள் இதே வழக்கத்தைக் கைக்கொண்டன. 1952-இல் வெளிவந்த மிக்கி மேன்டில் என்பவரின் அட்டையொன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

இந்த விலையில் சித்திரக்காரனுக்குப் பங்கில்லை, அச்சுக்கோத்தவனுக்கும் பங்கில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் அட்டைகளைச் சட்டைப்பையில் திணித்தார்கள், சுவரில் அடித்து விளையாடினார்கள், வளர்ந்தபின் மறந்தார்கள். தாய்மார் குப்பையோடு கூட்டித் தள்ளினார்கள். தப்பிப் பிழைத்தவற்றுக்கே இத்தனை மதிப்பு. இந்தக் கதை ஊரறிய வெளிப்பட்டபின், 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் கம்பெனிகள் கோடிக்கணக்கில் அட்டைகளை அச்சடித்தன. வாங்கியவர்களோ, "நாளை விலை ஏறும்" என்று ஒன்றுவிடாமல் பெட்டியில் பூட்டிவைத்தார்கள். எல்லோரும் காத்ததனாலேயே அவற்றுட் பெரும்பாலானவை இன்று விலையற்றுக் கிடக்கின்றன. எறியப்பட்டது பொன்னாயிற்று, காக்கப்பட்டது காகிதமாகவே நின்றது. சந்தை நினைவைப் போற்றுவதில்லை. மறதிக்கே விலை கொடுக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1954 தொடங்கி 1999 வரை பிரிட்டனில் புரூக் பாண்ட் கம்பெனி தன் தேயிலைப் பொட்டலங்களுக்குள் இத்தகைய பட அட்டைகளை வைத்து வந்தது. பறவைகள், காட்டுப் பூக்கள், பட்டாம்பூச்சிகள், விண்வெளிப் பயணம் என்று வரிசை வரிசையாக வந்த அந்த அட்டைகளை ஒட்டிவைக்கச் சிறு ஏடுகளையும் சொற்ப விலைக்குக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறை ஆங்கிலப் பிள்ளைகள் உலகத்தின் அழகை அந்த அட்டைகளில்தான் கற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது. நல்ல ஓவியர்கள் தீட்டிய படங்கள் அவற்றில் பல. அவற்றைப் பழிப்பது என் நோக்கமன்று. ஒரு பிள்ளை விடுபட்ட ஒரு பறவைக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, அது கிடைத்த நாளில் அடைந்த ஆனந்தம் பொய்யானதன்று. இன்று முதுமையடைந்த அந்தப் பிள்ளை அவ்வேட்டைத் திறந்து கண்கலங்கினால் அக்கண்ணீரும் பொய்யன்று.

ஆனால் அந்தப் பொட்டலத்தில் அட்டையோடு சேர்ந்து கிடந்த தூள் எங்கிருந்து வந்தது? அசாமிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தேயிலைகளைக் கலந்து செய்த தூள் அது. மலையில் மழையில் நனைந்து, அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் தடவிக்கொண்டு நம் பெண்கள் கிள்ளிய கொழுந்தும் அதில் இருந்தது. ஒரே சொல் நம் மொழியில் காகித அட்டையையும் இரத்தம் குடிக்கும் அட்டையையும் குறிக்கிறது. அங்கே பிள்ளையின் விரலில் ஒட்டியது ஓர் அட்டை. இங்கே தாயின் காலில் ஒட்டியது வேறோர் அட்டை. சிலேடைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பொட்டலத் தேயிலையின் இரு முனைகளும் இவைதான்.

தேயிலைப் பொட்டலத்துப் படங்களில் பறவைக்கும் பூவுக்கும் இடமிருந்தது. தேயிலைத் தொழிலாளிக்கு இடம் கிடைத்தது வேறொரு அட்டையில். அது அஞ்சல் அட்டை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய கப்பற் பயணிகளுக்காகப் படப்பிடிப்பாளர்கள் கடை விரித்தார்கள். ஸ்கீன் கம்பெனியும், 1890-இல் தொடங்கிய பிளாட்டே கம்பெனியும் அவர்களுள் பெயர்பெற்றவை. கண்டியின் யானைகள், காலிமுகத் திடல், நுவரெலியாவின் பனிமூட்டம் என்பவற்றோடு "தேயிலை பறிப்போர்", "தமிழ்க் கூலிப்பெண்" என்னும் தலைப்புகளோடு நம் மக்களும் ஆயிரக்கணக்கில் அச்சாகிக் கடல் கடந்தார்கள். அன்றைய மலிவுப் பொருள் இன்று அரும்பொருள். மூலை மடியாதிருக்கிறதா, சாயம் மங்கியிருக்கிறதா, தபால்முத்திரை எந்த ஆண்டு என்று பார்த்து விலை பேசுகிறார்கள். பழைய துரைமார் பங்களாக்கள் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாக மாறிய இக்காலத்தில், அப்படங்கள் பெரிதாக்கப்பட்டு முன்கூடச் சுவர்களை அலங்கரிக்கின்றன.

இப்படங்களைக் கலைப் படைப்புகளாக எடுத்து மதிப்பிட்டுப் பார்ப்போம். பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். முன்னே இடுப்பளவு தேயிலைச் செடி. நடுவே ஓர் இளம்பெண். தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் கூடை. பின்னே மலையும் மேகமும். கழுத்திலும் காதிலும் நகைகள். சேலைக்குச் சிவப்பும் மஞ்சளும் பின்னாளில் ஏற்றிய சாயம். பெண் ஒரு கையைச் செடிமேல் வைத்தபடி நம்மைப் பார்க்கிறாள். சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவை எவை? கங்காணி இல்லை. பிரட்டுக்களம் இல்லை. கொழுந்து நிறுக்கும் தராசு இல்லை. பத்துக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பிரா இல்லை. அதன் புகை இல்லை. உழைப்பிலிருந்து களைப்பைக் கழித்தால் மிஞ்சுவது நடனம். அந்தப் படப்பிடிப்பாளன் தொழிலாளியைக் காட்டவில்லை. தொழிலாளி வேடத்தில் மலையின் ஓர் அணிகலனைக் காட்டினான்.

இது என் விமரிசனம். இதைவிடக் கூர்மையான விமரிசனமொன்றைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு மூதாட்டியிடம் இத்தகைய படமொன்றின் பிரதியைக் காட்டினேன். அவர் "அழகாயிருக்கிறது" என்று சொல்லவில்லை. கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இடுப்பில படங்கு கட்டலையே தம்பி. இந்தச் சேலையோட நெறைக்குள்ள போனா மார் கிழிஞ்சிபோகும்ல?" என்றார்.

சற்றுப் பொறுத்து, "ஒத்தக் கையால எடுக்கிறா. ரெண்டு கையும் ஓடாட்டி அரைப்பேருதான் போடுவாங்க. இது மலையில எடுத்த படமில்ல, ரோட்டோரத்தில நிக்கவச்சி எடுத்தது" என்றார்.

நான் வியந்து நின்றேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் கடைசியாகக் கேட்டது இது: "சரி, இவ பேரென்ன?"

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, அட்டையிலும் இல்லை. பல அட்டைகளின் பின்புறத்தில் இரண்டு பெயர்கள் மையால் எழுதப்பட்டிருக்கின்றன: அனுப்பியவர் பெயர் ஒன்று, பெற்றவர் பெயர் ஒன்று. முன்புறத்தில் இருப்பவளுக்குத்தான் பெயரில்லை. புகழ்பெற்ற படக்கலைஞரான ஜூலியா மார்கரெட் கேமரன் 1875-இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தாரையும் படமெடுத்தார். அவர் உண்மையான கலைஞர், முகங்களை மதித்தவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் கவிஞர்களும் அறிஞர்களும் தத்தம் பெயரோடு இருக்கிறார்கள். இங்கே எடுத்தவற்றில் இருப்போரில் பெரும்பாலோர் "தொழிலாளி", "குடியானவர்" என்னும் இனப்பெயரோடு நின்றுவிட்டார்கள். 1879-இல் மலைநாட்டிலேயே காலமான அம்மையாரின் கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில் பெயரோடு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மலைகளில், தேயிலைக்கு உரமாகிப்போன நம்மவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

படத்தில் முகமிருந்தும் பெயரில்லை என்றோம். பெயரும் முகமும் இரண்டுமே இல்லாத இன்னொரு பொருளையும் அதே காலம் ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள்கட்டியபோது, ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகரத்துண்டைக் கயிற்றில் கோத்து மாட்டினார்கள். தோட்டத்தைக் குறிக்கும் எண் ஒன்று, ஆளைக் குறிக்கும் எண் ஒன்று, இரண்டும் அதில் குத்தப்பட்டிருக்கும். எந்தச் சரக்கு எந்தத் தோட்டத்துக்கு, வழிச்செலவை யார் கணக்கில் எழுதுவது என்று அறிய அது போதுமானதாயிருந்தது. தோட்டம் மாறும்போது கங்காணி கையில் "துண்டு" என்னும் சீட்டு இருக்கும். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களைக் கூட்டிச் செல்லலாம் என்பது அதன் பொருள். 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மனிதரின் விலை அந்தச் சீட்டில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. இந்தத் தகரத்துக்கும் சீட்டுக்கும் கூட இன்று சேகரிப்போர் உண்டு.

ஆகவே முகம் ஒரு காகிதத்தில், எண் ஒரு தகரத்தில், கடன் ஒரு சீட்டில் என்று நம் முன்னோர் மூன்றாகப் பிளக்கப்பட்டார்கள். மூன்றும் மூன்று திசைகளுக்குப் போயின. முகம் இங்கிலாந்தின் வீட்டு ஏடுகளுக்குப் போயிற்று. எண் துரைமார் கந்தோரின் பேரேட்டில் நின்றது. கடன் மட்டுமே லயத்துக்கு வந்தது. ஒரு மனிதனாக அவர்களை மறுபடியும் பொருத்திப் பார்க்க எந்த ஏட்டிலும் இடம் விடப்படவில்லை.

"பழைய படம்தானே, யாரோ ஆசையாய் வாங்கினால் நமக்கென்ன நட்டம்?" என்று கேட்கலாம். காகிதத்தைப் பாதுகாத்தவனுக்கும் பாதுகாக்க முடியாதவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சேகரிப்போரின் உலகில் பணத்தோடு முடிகிறது. நம் வாழ்விலோ அது நாட்டையே தீர்மானித்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் சட்டமோ குடியுரிமை கேட்பவர் தம் தொடர்ந்த வசிப்பை நிரூபிக்கவேண்டும் என்றது: 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. பிறப்புப் பதிவு எங்கே? தோட்டப் பேரேட்டின் நகல் எங்கே? 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே.

அந்நாளில் ஒரு பழைய காகிதத்தின் மதிப்பை எந்த ஏலக்காரன் அளந்து சொல்வான்? மழை ஒழுகும் காம்பிராவில், தகர டிரங்குப்பெட்டியின் அடியில், கரையான் தின்ற ஒரு பிறப்புச் சீட்டின் பாதி ஒரு குடும்பத்தை மலையில் நிறுத்தக்கூடும். மற்றப் பாதி இல்லாமையால் அதே குடும்பம் கப்பலேறவும் கூடும். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டது. மீந்த 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று வைத்து, 1974-இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பள்ளிப்பிள்ளைகள் கையிலுள்ள பட அட்டைகளை மாற்றிக்கொள்ளும்போதும் இன்ன படத்துக்கு இன்ன படம் என்று பெயர் சொல்லித்தான் மாற்றுவார்கள். இங்கே தொகை மட்டுமே பேசப்பட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க முற்பட்ட சட்டம் 2003-இல்தான் வந்தது.

நான் அறிந்த பல குடும்பங்களில், பாட்டனும் பாட்டியும் பிள்ளைகளோடு சேர்ந்து நின்று எடுத்த முதற்படமே கடவுச்சீட்டுக்காக நகரத்துப் படக்கடையில் எடுத்த படந்தான். பிரிவதற்காகச் சேர்ந்து நின்ற படம் அது. அதில் ஒருவரும் சிரிப்பதில்லை. அஞ்சல் அட்டைப் பெண்ணின் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதற்குச் சந்தையில் விலையுண்டு. பின்னதை ஒருவரும் வாங்கமாட்டார்கள். மலைநாட்டின் உண்மை எதில் இருக்கிறதென்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஏக்கம் குற்றமன்று. கழிந்ததை நினைந்து உருகாத சமுதாயம் கல்லாகிவிடும். ஆயினும் யாருடைய ஏக்கம், எதற்கான ஏக்கம் என்று கேட்பது விமரிசகனின் கடமை. பங்களா வராந்தாவில் அமர்ந்து, சுவரிலுள்ள கொழுந்துக்காரியின் படத்தைப் பார்த்தபடி தேநீர் அருந்துகிறவர் ஏங்குவது அவளுக்காக அன்று. அவளைப் போன்றோர் வாய்திறவாது நின்ற ஒரு காலத்துக்காக. 2021 மார்ச்சில், பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே, ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. வாக்னரின் அட்டை 66 லட்சம் டாலருக்குப் போனதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதை அறிவேன். ஆனால் ஒரே உலகம், ஒரே ஆண்டில், எதை மலிவென்றும் எதை அரிதென்றும் தீர்ப்பளித்தது என்பதை இவ்விரு எண்களும் காட்டிவிடுகின்றன.

நம்மவரிடையேயும் ஒரு போலி ஏக்கம் தலைகாட்டுவதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மலையகத்துக்கு 200 ஆண்டு நிறைந்ததை 2023-இல் நினைவுகூர்ந்தோம். முன்னோர் நடந்த வழியைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அது பெருமைக்குரிய செயல். ஆனால் அவ்வாண்டு விழா மலர்களிலும் பதாகைகளிலும் நான் கண்ட படங்கள் பெரும்பாலும் அந்தப் பழைய அஞ்சல் அட்டைப் படங்களே. துரைமாரின் கடைச்சரக்காக எடுத்த படத்தை எடுத்து, சாயத்தை மட்டும் கழுவி, "எம் மூதாதையர்" என்று தலைப்பிட்டுவிட்டோம். வேறு படம் இல்லையே என்பது உண்மைதான். எனினும், இது நிறுத்திவைத்து எடுத்த படம், இவள் பெயர் மறைக்கப்பட்டது என்ற ஒரு வரியையாவது அடியில் சேர்த்திருக்கவேண்டாமா? அந்த மூதாட்டி கண்டதை நாம் காணத் தவறினோம்.

அதற்காக அப்படங்களைக் கிழித்தெறியச் சொல்கிறேனா? இல்லை. அவை நமக்கு வேண்டும். படப்பிடிப்பாளன் மறைக்க விரும்பியும் மறைக்க முடியாத சில அவற்றில் இருக்கின்றன. செடிமேலுள்ள அந்த விரல்கள் வேடம் அறியாதவை. லென்சை நோக்கும் அந்தப் பார்வையில் பணிவைவிட வேறொன்று, "நீ யார், எதற்காக என்னை நிறுத்தினாய்?" என்னும் கேள்வி, எனக்குத் தெரிகிறது. கலைஞனின் நோக்கத்தை மீறி யதார்த்தம் கலைக்குள் நுழைந்துவிடும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆனால் அப்படங்களைத் தனியே விடலாகாது. அவற்றோடு சேர்த்து வைக்க நம்மிடம் வேறு செல்வங்கள் உண்டு. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, பதவியும் வாக்குரிமையும் பறிபோன காலத்திலும் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அப்பாடல்களில் மக்கள் தாமே பேசுகிறார்கள், ஏசவேண்டியவனை ஏசுகிறார்கள். கம்பளைப் பகுதியில் பழைய லயமொன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி, கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் அம்மியையும் வைத்திருக்கிறார்கள். சேகரிப்போன் பொருளை அதன் இடத்திலிருந்து பிரித்தெடுக்கிறான். அங்கே பொருள் தன் இடத்திலேயே நிற்கிறது. பண்டத்துக்கும் பாரம்பரியத்துக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் டிரங்குப்பெட்டியின் அடியில் நான்கைந்து படங்களாவது இருக்கும்: கடவுச்சீட்டுப் படம், காமன் கூத்துப் படம், கோயில் திருவிழாவில் தெருப் படக்காரன் எடுத்தது. அவற்றை யாரும் ஏலத்தில் எடுக்கப்போவதில்லை. அதனால்தான் அவை நம்முடையவை. அவற்றில் இருப்போரின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்றும் லயங்களில் உயிரோடிருக்கிறார்கள்; ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவர்கள் தொகை குறைந்துகொண்டே போகிறது. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். பெயர், தோட்டம், மலை, ஆண்டு என்று படத்தின் பின்புறத்தில் எழுதுங்கள். எழுத்து விழுந்த படத்துக்குச் சந்தையில் விலை குறையும் என்பார்கள். குறையட்டும்.

"இவ பேரென்ன?" என்று அந்த மூதாட்டி கேட்ட கேள்விக்கு அந்த ஓர் அட்டையைப் பொறுத்தவரை இனி விடை கிடைக்காது. நம் பேரப்பிள்ளைகள் நம் பாட்டிமாரின் படத்தைக் கையிலெடுத்து அதே கேள்வியைக் கேட்கும்போதாவது, அட்டையைத் திருப்பினால் விடை இருக்கவேண்டும்.